மேகலா ஏன் எதுத்த கடைக்குப் போனா?

சாஞ்சு உக்காருங்க அம்மணி. தலையை நல்லாப் பின்னால விடுங்க. ஒரு கையில புருவத்துக்கு மேல, இன்னொரு கையில கண்ணுக்குக் கீழ, தோலை இறுக்கிப் பிடிச்சுக்கணும். உங்க வேலை அவ்வளவுதான். பேசினீங்கன்னா தோல் ஆடும், நூல் வெட்டிப்போடும். அதனால நீங்க பேச வேண்டாம், நான் பேசிக்கறேன்.

மத்த பார்லர்ல நூலைப் பல்லுல கடிச்சுக்குவாங்க. நானும் முன்னால அப்படித்தானுங்க. கொரோனா வந்த பொறவு அது சுத்தமில்லைன்னு சொன்னாங்களா, கழுத்துல மாட்டிக்கப் பழகிட்டேன். வாய் சும்மா இருக்குது பாருங்க, அதுல எனக்கு ரொம்ப வசதி.

உங்களுக்கு நல்ல புருவம். அடர்த்தி. ஆனா வலதைக் காட்டிலும் இடது ஒரு நூல் இறக்கமா இருக்குது, இதுவரைக்கும் யாரும் சொல்லலீங்களா? ஆடாதீங்க. நான் சரி பண்ணித் தர்றேன்.

வரும்போது பார்த்திருப்பீங்க, ரோட்டுக்கு அக்கட்டால ரோஸ் கலர் போர்டு போட்ட கடை. மணிப்பூர்ல இருந்து வந்த ஒரு பொண்ணு வெச்சிருக்கா. தமிழ்ல ‘வாங்க’, ‘போதுமா’ ரெண்டே வார்த்தைதான் தெரியும். மீதிக்குச் சிரிப்பா. அவகிட்டப் போயி கல்யாண அலங்காரம் பண்ணிக்கிட்டா அம்மணி, எங்க மேகலா. நான் பெறாத பொண்ணாட்டம் பார்த்துக்கிட்ட புள்ளை. கோயமுத்தூர் வரைக்கும் கூடவே பஸ் ஏறிப் போயி, ஆபரேஷன் கத்திகிட்ட இருந்து காப்பாத்திக் கூட்டியாந்தவ நானு. இந்தக் கோபியில வேற எவ பண்ணுவா இதை? முழுசாக் கேட்டுப்போட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. இப்ப வேண்டாம். நூல் எடுத்த பொறவு.

மேகலா பால் சொசைட்டியில கம்ப்யூட்டர் வேலை பார்க்கறவ. இருபத்தெட்டு வயசு. காலேஜ் படிக்கறப்ப இருந்து என்கிட்டத்தான் புருவம். தை மாசம் கல்யாணம்னு முடிவாச்சு, மாப்பிள்ளை பெருந்துறைப் பக்கம், மோட்டார் கம்பெனியில இஞ்சினியர். போட்டோ காட்டினா. நல்ல பையன்தான், காதுதான் ரெண்டும் ரெண்டு அளவு. நான் சொன்ன பொறவுதான் அவளே கவனிச்சா.

இப்ப எங்க தொழிலைப் பத்தி ஒண்ணு சொல்லோணும், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். ஈரோட்டுல எனக்குக் கத்துக்கொடுத்த மேடம் சொல்லுவாங்க, ‘வளர்மதி, வந்தவங்க ஒண்ணு கேட்டா நீ இன்னொண்ணைக் காட்டணும். புருவத்துக்கு வந்தா மீசையைக் காட்டு. மீசைக்கு வந்தா கழுத்தைக் காட்டு. சும்மா காட்டக் கூடாது, அச்சச்சோன்னு ஒரு சத்தம் குடுத்துட்டுக் காட்டு’ன்னு. பெரிய பாடமுங்க அது. இத்தனை வருஷமாக் கடை நடக்குதுன்னா அந்த அச்சச்சோவாலதான். இப்பெல்லாம் நான் நெனைக்கறதுகூட இல்லை, அதுவா வந்துபோடும். உங்க மேலுதட்டைப் பார்த்ததும் வந்துதே, கேட்டீங்கதானே?

இந்தக் காலத்துக் கல்யாணப் பொண்ணுங்க உடம்பு பூராவும் வேக்சிங் கேட்கறாங்க. பூராவும்னா பூராவுந்தான். நமக்கு அதுல என்ன வெட்கம்? டாக்டருக்கு எப்படியோ அப்படித்தான் எங்களுக்கும். மேகலாவும் கேட்டா. உள்ள ரூம்ல படுக்க வெச்சுப் பண்ணிக்கிட்டு இருந்தேன். அவ கண்ணை மூடிக்கிட்டு, பட்டுச்சேலைக்கு எந்தக் கலர் எடுக்கலாம்னு பேசிக்கிட்டு இருக்கறா. அப்ப என் வாயில ஒரு வார்த்தை வந்துது. ‘அச்சச்சோ, என்ன கண்ணு, உனக்கு இது இப்படி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது?’ அவ்வளவுதானுங்க. அக்கறையில கேட்டது. அதுக்குன்னு என்கிட்ட ஒரு கிரீம்கூடக் கிடையாது விக்கறதுக்கு. கேட்டுப்போட்டு நான் மறந்தே போயிட்டேன்.

அடுத்த வாரம் வந்து நிக்கறா, முகம் சுண்டிப்போயி. சோறு எறங்கலை, தூக்கம் இல்லைங்கறா. என்ன கண்ணுன்னா, போனை நீட்டறா. அதுல ஒரு விளம்பரம். ஒரு ரோஜாப்பூ படம், கீழ ‘கச்சிதமான அழகு, மதியம் வந்தால் மாலையில் வீடு’ன்னு. ஒரு தடவை எதையோ தேடினாளாம், அதுல இருந்து அந்தப் போனு அவளை விடலையாம். எதைத் திறந்தாலும் ரோஜாப்பூ. அந்த இடத்துல இருக்கற உள் உதட்டை வெட்டிச் சின்னதாக்கறாங்களாம் அம்மணி. அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பெரிய பேரு. மூக்கு, காதெல்லாம் முடிஞ்சு இப்ப அங்க வந்து நிக்கறாங்க.

‘அவரு பார்த்துட்டு ஏதாச்சும் நெனைச்சாருன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?’னு சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதா. கல்யாணத்துக்கு ஒரு மாசம்கூட இல்லை, அதுக்குள்ள வெட்டித் தைச்சுக்கோணும்னு நிக்கறா. ‘எவ கண்ணு உன் தலையில இதை ஏத்துனது?’ன்னு கேட்டேன். அவ அழுகையை நிறுத்திப்போட்டு என்னையே பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. பாவம், சிநேகிதி எவளோ சொல்லியிருப்பா, காட்டிக்கொடுக்க மனசு வரலை. அப்படிப்பட்ட புள்ளைங்க அவ.

தோலைச் சித்த இறுக்கிப் பிடிச்சுக்கங்க. ஆங், அப்படி. உங்களுக்கு வெயில் பட்ட கறுப்பு இருக்குது, அதை அப்புறம் பேசிக்கலாம்.

அவங்கம்மாகிட்ட ரவிக்கை அளவு குடுக்கப் போறோம்னு சொல்லிப்போட்டு, ரெண்டு பேரும் கோயமுத்தூர் பஸ் ஏறினோம். முதல்ல அந்த ரோஜாப்பூ எடம். என்ன எடமுங்க அது! ஏசி, சந்தன வாசம், உக்காந்தா எந்திரிக்க மனசு வராத சோபா. டாக்டர் எங்கன்னா, டாக்டரை ஆபரேஷன் அன்னைக்குப் பார்த்துக்கலாமுங்கறாங்க. கோட்டுப் போட்ட ஒரு பொண்ணுதான் எல்லாம் பேசினா. ஒரே தேதிதான் காலியா இருக்குது, இப்பவே சொன்னா எழுதிக்கறேன்னா. மேகலாவை உள்ள கூட்டிப்போயிப் பார்த்துட்டு வந்து, ‘அச்சச்சோ, இதோட சேர்த்து அக்குள் கறுப்பையும் எடுத்துடலாமே’ன்னா பாருங்க, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நம்ம ஆளு! நானா இருந்தா அன்னைக்கே தேதி குறிச்சிருப்பேன். மேகலாதான் வெளிறிப்போயி, இன்னொருத்தரையும் கேட்டுப்போட்டுச் சொல்றோம்னு எந்திரிச்சுட்டா.

அந்த இன்னொருத்தர் டாக்டர் சகாயராணி. மேகலாகூட வேலை பார்க்கற ஒருத்தி சொல்லிவிட்டது. ஒட்டுத்தோல் ஆபரேஷன், தீக்காயம் எல்லாம் பார்க்கற பெரிய டாக்டராம். எடம் ஒண்ணும் சொல்லிக்கற மாதிரி இல்லை. இரும்பு நாற்காலி, சுவத்துல தாய்ப்பால் படம். சந்தன வாசமெல்லாம் கெடையாது, டெட்டால்தான்.

அங்க எங்க பக்கத்துல ஒரு போலீஸ்காரப் பொண்ணு உக்காந்திருந்தா. எனக்கு வாய் சும்மா இருக்குமா? எதுக்கு வந்திருக்கேன்னு கேட்டேன். அவளும் கூச்சமில்லாம, ‘அதே ஆபரேஷன்தான்க்கா, பண்ணி மூணு மாசமாச்சு, காட்டிட்டுப் போக வந்தேன்’னா. மேகலா நிமிர்ந்து உக்காந்தா. அந்தப் பொண்ணுக்குப் பரேடு முடிஞ்சு வந்தா பேண்ட் துணி உரசி உரசிப் புண்ணாயி ரத்தம் கசியுமாம். சைக்கிள்ல ஏற முடியாதாம். வருஷக்கணக்கா யாருகிட்டயும் வாய்விட்டுச் சொல்லாம இருந்து, கடைசியில பண்ணிக்கிட்டாளாம். ‘எப்படி இருக்குதுன்னு பார்த்து நான் பண்ணிக்கலைக்கா, நடக்கறதுக்குப் பண்ணிக்கிட்டேன்’னா. இப்ப நிம்மதியா இருக்குதாம்.

‘அப்ப சுலபந்தானே’ன்னேன். அவ சிரிச்ச சிரிப்பு இருக்குதே! ‘மதியம் போயி சாயங்காலம் வீட்டுக்கு வந்தது நெசந்தான்க்கா. வந்த பொறவு இருக்கற கதையை எவனும் விளம்பரத்துல போடறதில்லை’ன்னா. முதல் வாரம் ஐஸ் ஒத்தடம் வெச்சுக்கிட்டு ஒருக்களிச்சுப் படுத்தே கெடந்தாளாம். ஒண்ணுக்குப் போனா எரியுமாம். வீக்கம் வந்து, முன்ன இருந்ததைக் காட்டிலும் பெருசாத் தெரிஞ்சதைப் பார்த்து, ‘ஐயோ கெட்டுச்சே’ன்னு அழுதாளாம். ஒன்றரை மாசம் வண்டி ஓட்டக்கூடாது, ஓடக்கூடாது, புருசன் பக்கத்துல போகக்கூடாது. வீக்கம் முழுசா வடிய இன்னும் நாளாகுமாம். நான் மேகலாவைப் பார்த்தேன். மேகலா விரலை எண்ணிக்கிட்டு இருக்கறா. தை மாசம் கல்யாணம், ஐஸ் பையைக் கையில பிடிச்சுக்கிட்டா மணவறையில உக்காருவா?

உள்ள கூப்பிட்டாங்க. நானும் கூடப் போனேன். டாக்டரம்மாவுக்கு அம்பது வயசிருக்கும். தலைக்குச் சாயம் கெடையாது. புருவம் ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. கவனிக்காம இருக்க முடியுதுங்களா, சொல்லுங்க? திரைக்கு அக்கட்டால கூட்டிப்போயிப் பார்த்தாங்க. வந்து உக்காந்து, கேள்வி மேல கேள்வி.

‘வலிக்குதாம்மா?’

‘இல்லைங்க டாக்டர்.’

‘துணி உரசுதா? வண்டி ஓட்டும்போது தொந்தரவா? அடிக்கடி புண்ணு, நோய்த்தொத்து, ஏதாச்சும்?’

‘ஒண்ணுமில்லைங்க.’

‘எப்ப இருந்து இது உனக்கு ஒரு குறையாத் தெரியுது?’

‘ரெண்டு வாரமாங்க.’

‘அதுக்கு முன்னால?’

‘அதுக்கு முன்னால நான் அதைப் பார்த்ததே இல்லைங்க டாக்டர்.’

எனக்குச் சிரிப்பு வந்துபோச்சு. டாக்டர் சிரிக்கலை. ‘அப்பன்னா யாரோ பார்த்துச் சொல்லியிருக்கணும். யாரு சொன்னா?’ன்னாங்க. மேகலா தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ‘யாரோ சொன்னாங்க’ன்னா. எனக்கு வந்துதே கோவம்! ‘எந்த நாசமாப் போனவ கண்ணு இப்படிச் சொன்னா? பேரைச் சொல்லு, ஊருக்குப் போனதும் நேரா அவ வூட்டுக்குப் போயி நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரிக் கேட்டுப்போட்டு வர்றேன்’னேன். டாக்டர் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு என்னையே பார்த்தாங்க. ‘நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?’ன்னாங்க. பார்லருங்கன்னேன். ‘ஓகோ’ன்னாங்க. என் புருவத்தைத்தான் பார்த்திருக்கோணும். பொம்பளைக்கு ஆசை இருக்காதுங்களா? நான்கூட, ஒரு நாள் கோபிப் பக்கம் வந்தா எட்டிப் பாருங்க, சரி பண்ணிவிடறேன்னு சொன்னேன்.

பொறவு ஒரு புஸ்தகத்தை எடுத்து மேகலா முன்னால வெச்சாங்க. பூரா அதே படந்தான் அம்மணி. பக்கத்துக்குப் பக்கம் ஒவ்வொருத்தருது. நீளம், குட்டை, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, கறுப்பு, செவப்பு, மடிப்பு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. எனக்கு ரெண்டு பக்கத்துல அச்சச்சோ தொண்டை வரைக்கும் வந்துது, முழுங்கிக்கிட்டேன். மேகலா மெதுவா ஒவ்வொரு பக்கமாப் புரட்டினா. புரட்டிப் புரட்டி முடிச்சுப்போட்டு, ‘இதுல எது டாக்டர் சரியானது?’ன்னு கேட்டா.

‘எல்லாமேதாம்மா. உன்னுது மாதிரியே நாலு இருந்துதே, பார்க்கலையா?’

அவ திரும்பப் புரட்டினா. இருந்துது.

அப்புறந்தான் ஆபரேஷனைப் பத்தி எல்லாம் சொன்னாங்க. ரத்தம் கட்டலாம், சீழ் பிடிக்கலாம், தையல் விட்டுப்போகலாம். தழும்பு நின்னு வலிக்கலாம். தொடு உணர்ச்சி கொறைஞ்சு போகலாம். ஒருக்கா வெட்டிப்போட்டாங்கன்னா திரும்ப ஒட்ட வைக்க முடியாது. அது சரிதானுங்களே, புருவமா என்ன, முளைக்கறதுக்கு? ‘நான் பண்ணவே மாட்டேன்னு சொல்லலைம்மா. வெளிய உக்காந்திருக்கற பொண்ணுக்கு நான்தான் பண்ணினேன், அவளுக்கு அது வேண்டியிருந்துது. உனக்கு ஒரு வருஷம் போகட்டும். அப்பவும் உனக்கே தொந்தரவாத் தெரிஞ்சா உனக்காக வா. வேற ஒருத்தருக்காக வராதே. யாருகிட்டப் போனாலும் கத்தி பிடிக்கப்போறவங்களை முதல்ல நேர்ல பாரு. இதை எத்தனை பண்ணியிருக்கீங்க, சரியா வரலைன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேளு. குறை சொல்லிச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினா, பேச்சை வளர்த்தாதே. எந்திரிச்சு வெளிய வந்துடு’ன்னாங்க.

நல்ல பேச்சுத்தான். ஆனா வியாபாரம்னு பார்த்தா அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியலீங்க. தேடி வந்த ஆளைத் திருப்பி அனுப்பினா கடை வெளங்குமா? சொல்லலாம்னு வாயைத் திறந்தேன், அதுக்குள்ள ‘நீங்க சித்த நேரம் வெளிய இருங்க’ன்னுட்டாங்க. என்னத்தைப் பேசினாங்களோ தெரியலை. கதவைத் திறந்துக்கிட்டு மேகலா வந்தப்ப, முகம் கழுவி விட்டாப்பல இருந்துது.

திரும்பி வர்ற பஸ்ல அன்னூர் வரைக்கும் வெளியவே வேடிக்கை பார்த்துக்கிட்டு வந்தா. அப்புறம் திடீர்னு, ‘ஏன்க்கா, நீங்க உங்களுதைப் பார்த்திருக்கீங்களா?’ன்னா. ‘எதை?’ன்னேன். ‘அதைத்தான்’னா. ‘சீ, போ கழுதை!’ன்னேன், முன்சீட்டுல இருந்த அம்மா திரும்பிப் பார்க்குது. மேகலா ஜன்னல்ல சாஞ்சுக்கிட்டுச் சிரிக்கறா, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கறா. ‘ஊருல எல்லாருதையும் பார்க்கறீங்க, உங்களுதைப் பார்த்ததில்லையா?’ன்னு கேட்டுக் கேட்டுச் சிரிக்கறா. புள்ளை சிரிச்சாப் போதும்னு நானும் சிரிச்சேன்.

நமக்குள்ள இருக்கட்டும். வூட்டுக்குப் போயி, எங்க ஊட்டுக்காரர் தோட்டத்துக்குப் போன நேரமாப் பார்த்து, கதவைச் சாத்திக்கிட்டுக் கைக்கண்ணாடியில பார்த்தேன். வாயில அச்சச்சோ வந்துபோச்சுங்க. சத்தமாவே. நாப்பத்தெட்டு வயசுல எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. என்னடா இது, இத்தனை காலம் இதையா வெச்சுக்கிட்டு இருந்தோம்னு அப்படியே கட்டில்ல உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அந்தப் புஸ்தகம் ஞாபகம் வந்துது. மடிப்பு மடிப்பா ஒரு பக்கம் இருந்துதே, அசல் அதே மாதிரி. அட, அப்பச் சரின்னு மனசு ஆறிப்போச்சு. யோசிச்சுப் பாருங்க, எனக்கே அப்படின்னா அந்தச் சின்னப்புள்ளைகிட்ட இதைச் சொன்னவளுக்கு எப்படித்தான் மனசு வந்துதோ!

சரி, கல்யாணம் வந்துது. நான் ஒரு வாரம் முன்னாலயே பூ ஜடை, செயற்கை நகம், எல்லாம் வாங்கி வெச்சுக் காத்திருக்கேன். ஒரு போனும் இல்லை. மண்டபத்துக்குப் போனா, மணவறையில மேகலா, எதுத்த கடைக்காரி அலங்காரத்துல. எனக்கு அழுகையே வந்துபோச்சு அம்மணி. சாப்பாடு எறங்கலை. அலங்காரம் மோசமில்லை, சொல்லக்கூடாது. நானா இருந்தா அந்த அகலமான நெத்தியைக் கொஞ்சம் மறைச்சிருப்பேன். அவ அப்படியே விட்டிருக்கா. ஆனா மேகலா மாப்பிள்ளைகிட்டக் குனிஞ்சு என்னமோ சொல்லிச் சிரிக்கறப்ப, நெத்தி யாரு கண்ணுக்குத் தெரியுது?

பரிசு குடுக்க மேல ஏறினப்பக் கேட்டுப்போட்டேன். ‘ஏன் கண்ணு இப்படிப் பண்ணே? நான் உனக்கு என்ன கொறை வெச்சேன்?’ அவ என் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. ‘நீங்க இல்லைன்னா நான் கோயமுத்தூர் போயிட்டு வந்திருக்க மாட்டேன்க்கா. ஆனா எதுத்த கடையில அமைதியா இருந்துச்சு’ன்னா. அவ்வளவுதான். அதுக்குள்ள போட்டோக்காரன் நகருங்கன்னுட்டான்.

அமைதியா இருந்துச்சாம்! இதுக்கு என்னங்க அர்த்தம்? அவளுக்குப் பேச வந்தாத்தானே பேசறதுக்கு? அமைதிக்குப் பார்லர் எதுக்கு, கோயிலுக்குப் போகலாமே? நானும் அன்னைக்கு இருந்து மண்டையைக் கொடஞ்சுக்கறேன், வெளங்கவே இல்லை.

ஆச்சு, வலது புருவம் முடிஞ்சுது. கண்ணைத் திறந்து கண்ணாடியில பாருங்க. வில்லு மாதிரி வந்திருக்குதுங்களா? இப்ப இடதுக்குப் போலாம். தலையை இக்கட்டால திருப்புங்க. முடியைச் சித்த ஒதுக்கிக்கறேன்.

அச்சச்சோ! என்ன அம்மணி இது, காதுக்குப் பின்னால இப்படி...

ஏனுங்க? எதுக்கு எந்திரிக்கிறீங்க? தண்ணி வேணுங்களா? பையை எதுக்கு எடுக்கறீங்க? இன்னொரு புருவம் அப்படியே இருக்குதுங்களே! ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு எப்படிங்க ரோட்டுல போவீங்க?

ஏனுங்க, பார்த்துத் தாண்டுங்க, லாரி வருது! அங்க எங்க போறீங்க? ஏனுங்க அம்மணி, அவளுக்குத் தமிழே தெரியாதுங்க!